கரி பிடித்த குதிரை

மணி ரெண்டே முக்கால். நாலு மணிக்கு கேட்டுல நிக்கணும். ஒண்ணேகால் மணி நேரம் இருக்குது. தொப்பியில குத்துற பித்தளை பேட்ஜ் ஒண்ணுக்குக் கரி பிடிக்கப் பத்து நிமிஷம் போதும், மிச்ச நேரத்தை வெச்சிக்கினு இன்னா பண்றதுன்னுதான் தெரியல. தகரக் கூரை மேல மழை கொட்டுது. மெழுகுவத்தியை டிரங்குப் பெட்டி மேல ஒட்டியாச்சு. பேட்ஜைக் குறடால புடிச்சி, தீயோட மஞ்ச நுனி மட்டும் நக்குற மாதிரி காட்டணும். கீழ இறக்கினா சூடு ஏறுமே தவிர கரி ஒட்டாது. முதல்ல பூட்ஸ் பாலிஷ்தான் தடவிப் பாத்தாங்களாம், அது மினுங்குது, வெய்யில்ல உருகி நெத்தியில வழியுது. மெழுகுவத்திக் கரிக்கு மினுக்கமே கிடையாது. முந்நூறு நாள் பிராஸோ பாலிஷ் போட்டுத் தேய்க்கிறோம், மூஞ்சி தெரியணும் அதுல, மங்கலா இருந்தா தண்டனை. ரோந்துக்குப் போறப்ப அதே பேட்ஜைக் கருக்கணும், மினுக்குனா தண்டனை. எதிர் மலையில இருக்கிறவனுக்கு ஒரு மினுக்கு போதும், ஒரு மைல் தள்ளியிருந்தாலும் இங்க ஒரு தலை இருக்குதுன்னு தெரிஞ்சிடும். கழட்டி வெச்சிட்டுப் போனா ஆகாதான்னு என் பொண்டாட்டி சுகுணா ஒரு தரம் கேட்டா. நல்ல கேள்விதான், பட்டாளத்துல நல்ல கேள்விக்கெல்லாம் பதில் இருக்காது. எங்க ஆளுங்க பேட்ஜைக் கழட்ட மாட்டாங்க. எப்பவோ யாரோ ஒரு துரை, பேட்ஜ் இல்லாம செத்துக் கெடந்தா எவன் வீட்டுப் பிள்ளைன்னு யாருக்குத் தெரியும்னு கேட்டானாம். அதுலேருந்து வழக்கம். சுத்தி இலைக்கொத்து, நடுவுல ஒரு குதிரை. காலம் பூரா நடந்தே தேயுற பட்டாளத்துக்குக் குதிரை. முதல்ல கால் கருக்குது, அப்பால வயிறு, அப்பால கழுத்து.

இன்னொரு வழக்கமும் இருக்குது. தன் பேட்ஜுக்குத் தானே கரி பிடிக்கக் கூடாது. ஜோடிக்காரன்தான் பிடிக்கணும். தொப்பி தலைக்கு ஏறிட்டா தன் பேட்ஜ் தனக்குத் தெரியாது, எதிர்ல நிக்கிறவனுக்குத்தான் தெரியும், அதனால அவன் பொறுப்பு. பூசினதோட முடியாது. கெளம்புறதுக்கு முன்ன கேட்டுல ஜோடி ஜோடியா எதிரும் புதிருமா நின்னு, ஒருத்தனை ஒருத்தன் தலையிலேருந்து கீழ வரைக்கும் பாக்கணும், பேட்ஜு, பக்கிள், கடிகாரக் கண்ணாடி. அதுக்கு முகம் பாக்குறதுன்னு பேரு. முகம் பாத்தாச்சான்னு சுபேதார் கேப்பாரு, ஜோடிக்காரன் சரின்னு சொல்லணும். ஒரே ஒரு வார்த்தை. நான் சொன்னேன். அன்னிக்கு நானும் சரின்னுதான் சொன்னேன். இல்ல, இப்ப அது வேணாம். இப்ப கையில இருக்கிற வேலையைப் பாருடா ஏகாம்பரம். என் பேட்ஜுக்கு நானே கரி பிடிச்சிக்கினு இருக்கேன். எழுவது நாளா அப்படித்தான். யாரும் கேக்கல. கேக்கலையேன்னு ஒரு பக்கம் நிம்மதி, கேக்கலையேன்னு இன்னொரு பக்கம் எரிச்சல்.

செருப்புச் சத்தம். அப்பலராஜு. நிமிந்து பாக்காமயே தெரியும், அந்தத் தேங்கா எண்ணெ வாசனை அவனுக்கு முன்ன வந்துடும். ஸ்ரீகாகுளத்து ஆளு, வேற கம்பெனியிலேருந்து மாத்தி அஞ்சு வாரம் முன்ன இங்க அனுப்பினாங்க, எனக்கு ஜோடியா. என்னை விட ரெண்டு மூணு வயசு கூட இருக்கும். ஊட்டி பக்கம் பயிற்சியில இருந்தப்ப கத்துக்கிட்ட தமிழ், அரைகுறையா வரும், ஆனா வெளிய வராது, ஏன்னா அவன் பேசறதே இல்ல. நானும் பேசறதில்ல. பக்கத்துப் பக்கத்துக் கட்டில். பாரு, வந்தான், தொப்பியைக் கொண்டாந்து என் பெட்டி மேல வெச்சான், மெழுகுவத்திக்குப் பக்கத்துல. இது இன்னா அலமாரியா. வெச்சிட்டு நிக்கிறான். அவனோட ரெண்டு பாதம் மட்டும் எனக்குத் தெரியுது, பெருவிரல்ல அட்டை கடிச்ச தழும்பு. கொஞ்ச நேரம் நின்னான், போயிட்டான். தொப்பி விளிம்பைப் புடிச்சித் தூக்கி, அவன் கட்டிலுக்கு மேல இருக்கிற ஆணியில மாட்டிட்டேன், சுவத்தைப் பாத்த மாதிரி. அவனவன் சாமான் அவனவன் எடத்துல இருக்கணும். இவனுக்கு முன்ன எனக்கு ஜோடியா இருந்த சசிதரன் இப்படியெல்லாம் வெக்க மாட்டான். பொய். சசிதரன் இதை விட மோசம். என் டம்ளர்ல ஷேவ் பண்ணுவான், என் துண்டை எடுத்துத் தலை துவட்டிட்டு எடா ஏகா, இது நாறுதுடாம்பான்.

பாலக்காட்டுக்காரன். நாலு வருஷம் ஜோடி. அவன் குதிரைக்கு நான், என் குதிரைக்கு அவன். கரி பிடிக்கிறப்ப பாடுவான், நிறுத்த மாட்டான், தொண்டை நல்ல தொண்டை. யார் குரல்ல வேணும்னாலும் பேசுவான். சுபேதார் மாதிரி, கேன்டீன்காரன் மாதிரி, ரேடியோவுல தண்ணி வந்த மாதிரி கொரகொரக்கும் கன்ட்ரோல் ரூம் மாதிரி. ஒரு நாள் என்னை மாதிரி பேசினான். நான் சுகுணாகிட்ட போன்ல பேசுறதை. எனக்குப் போன்ல பேச வராது, அது எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மனசுல ஆயிரம் இருக்கும், போனைக் காதுல வெச்ச உடனே வாயில வர்றது ஒண்ணுதான். சாப்டியா. பசங்க சாப்டாங்களா. அம்மா சாப்டாங்களா. அவ்வளவுதான், அப்பால சும்மா இருப்பேன், அவளும் சும்மா இருப்பா, ரீசார்ஜ் பண்ண காசு சும்மா இருக்கிறதுக்கே போவும். சசி அதைப் பாரக்ஸுல அத்தினி பேர் முன்னாடி செஞ்சி காட்டினான். என் குடியாத்தத்துக் குரல் அப்படியே. சாப்டியா. பசங்க சாப்டாங்களா. அம்மா சாப்டாங்களா. மாடு சாப்டுச்சா. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. மாட்டைப் பத்தி நான் கேட்டது ஒரே ஒரு தரம், அதுவும் கன்னு போட்டிருந்தப்ப. அதை எப்படிடா காதுல வாங்கினான் இந்தப் பாவின்னு எனக்கே சிரிப்பு வந்திருக்கணும். வரல. மூஞ்சி எரிஞ்சது. பொண்டாட்டிகிட்ட நான் எப்படிப் பேசுனா உனக்கு இன்னாடான்னு கேட்டுட்டு வெளிய போயிட்டேன். மூணு நாள் பேசல. அவன் வந்து வந்து பாத்தான், எடா ஏகா, ஒரு தமாஷ்டா, மாப்பு தாடா. நான் வாயே தொறக்கல. ரெண்டாவது நாளே கோவம் போயிடுச்சி, அதுதான் உண்மை. மூணாவது நாள் முறைச்சிக்கினு இருந்தது கோவத்துல இல்ல, இன்னும் ஒரு தரம் கெஞ்சட்டும்னு. அதை யார்கிட்டயும் சொன்னதில்ல.

கழுத்து வரைக்கும் கறுத்தாச்சு. திருப்பிப் புடி. விரல் சுடுது, சுடட்டும். அந்த மூணாவது நாள் ரோந்து. வழக்கத்தை விடலாமா, அவன் பேட்ஜுக்கு நான்தான் கரி பிடிச்சேன், நல்லாத்தான் பிடிச்சேன், ஒரு புள்ளி விடல. சாமி சத்தியமா விடல. பிடிச்சி, அவன் கையில குடுக்காம கட்டில் மேல போட்டேன். அன்னிக்கும் மழை. அவன் தொப்பி நனையக் கூடாதுன்னு அக்குள்ள சொருவிக்கினு கேட்டு வரைக்கும் ஓடினான். கேட்டுல எதிர்ல வந்து நின்னு தலையில வெச்சான். அக்குள் ஈரத்துல, சட்டைத் துணியில, குதிரையோட பாதி ஒடம்புல கரி தொடச்சிப் போயிருக்குது. நான் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். முகம் பாத்தாச்சான்னு கேட்டாங்க. நான் அவன் சட்டையோட மேல் பொத்தானைப் பாத்துக்கினு இருந்தேன். நாலு ஓட்டை பொத்தான், பச்சை நூலு, ஒரு நூல் பிரிஞ்சி நிக்குது. அதை இப்ப வரையச் சொன்னாலும் வரைவேன். கண்ணைத் தூக்கினா அவன் சிரிச்சிடுவான், அவன் சிரிச்சா நானும் சிரிச்சிடுவேன், எல்லாம் முடிஞ்சிடும், அதுக்குள்ள முடியக் கூடாதுன்னு பொத்தானையே பாத்தேன். சரின்னு சொன்னேன். ரெண்டு மணி நேரம் கழிச்சி மழை விட்டுது, மேகம் பிளந்து சரிவு பூரா வெய்யில் அடிச்சது. அவன் எனக்குப் பத்தடி முன்னால. திரும்பி என்னமோ சொல்ல வந்தான். ஒரே ஒரு வெடி. அவ்வளவுதான்.

சாகல. தாடை போயிடுச்சி. கீழ்த்தாடை, நாக்குல பாதி. ரங்கப்பா ஹவில்தார் ராத்திரியும் பகலும் எங்கிட்ட சொன்னாரு, குண்டுக்கு பேட்ஜ் வேணாம்ப்பா, அது சும்மாவும் வரும்னு. விசாரணையிலயும் அப்படித்தான் எழுதினாங்களாம், காரணம் தெரியலன்னு. எனக்கு மட்டும் தெரியும். சேத்துல கெடந்த தொப்பியை நான்தான் எடுத்தேன், குதிரையோட பின்பாதி பளபளன்னு இருந்தது, அதுக்கு முந்தின வாரம் பிராஸோ போட்டதும் நான்தான். ரங்கப்பா நல்ல மனுஷன், நேத்து லீவுல ஊருக்குப் போயிட்டாரு, மக கல்யாணம். போறப்ப அப்பலராஜுகிட்ட கன்னடமும் தெலுங்குமா என்னமோ சொல்லிட்டுப் போனாரு. எங்கிட்ட வந்து தோள்ல கை வெச்சி, அவனும் மனுஷன்தான்ப்பான்னாரு. ஆமா, மனுஷன்தான். நான் இன்னா மரம்னா சொன்னேன்.

சசிக்கு ஒரு தரம் போன் பண்ணேன். ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்கு அனுப்பிச்சிட்டாங்கன்னு தெரிஞ்ச அப்பால. அவங்க அண்ணன் எடுத்தாரு. அவனால பேச முடியாது, காதுல வெக்கிறேன், நீங்க பேசுங்க, கேப்பான்னாரு. அஞ்சு நாளா எழுதி வெச்சி மனப்பாடம் பண்ணியிருந்தேன், இன்னா சொல்லணும்னு. மன்னிச்சிடு, நான் பாக்கல, பாத்திருக்கணும். அந்தப் பக்கம் மூச்சு கேட்டுது. மூக்கால விடுற மூச்சு இல்ல, வேற மாதிரி. சசின்னேன். அப்பால என் வாயில வந்தது, சாப்டியா. குழாய் வழியா கஞ்சி குடிக்கிறவன்கிட்ட. அதுவும் அவன்கிட்ட. அந்தப் பக்கம் ஒரு சத்தம் வந்தது, க்ஹ்ன்னு, ரெண்டு தரம். நான் போனை வெச்சிட்டேன். அது சிரிப்பா அழுகையான்னு இன்னி வரைக்கும் தெரியல. குளிக்கிறப்ப, சென்ட்ரி நிக்கிறப்ப, சோறு வாயில வெக்கிறப்ப அந்தச் சத்தத்தை எடுத்து எடுத்துப் பாக்குறேன். சிரிப்புன்னா ஒரு மாதிரி இருக்குது, அழுகைன்னா வேற மாதிரி, ரெண்டும் அதே சத்தத்துக்குப் பொருந்துது. இன்னொரு தரம் பண்ணாத் தெரிஞ்சிடும். பண்ணல. சுகுணாவுக்கும் சரியா பண்றதில்ல, வாயைத் தொறந்தா அந்த வார்த்தைதான் வரும்னு பயம். அவ நான் சண்டை புடிச்சிக்கினு இருக்கேன்னு நெனைக்கிறா.

மறுபடி செருப்புச் சத்தம். மறுபடி அந்தத் தொப்பி, ஆணியிலேருந்து எடுத்து மறுபடி என் பெட்டி மேல. இவனுக்கு இன்னா கோளாறு. நிக்கிறான். மழை நிக்கும்னு சொல்றான். தமிழ்லதான் சொல்றான். ம்னேன். இன்னும் நிக்கிறான். மெழுகுவத்தி அவன் மூச்சுக்கு ஆடுது. போயிட்டான். பொறங்கையாலயே தொப்பியை நகத்தி அவன் கட்டில்ல தள்ளிட்டேன். மூணு ரோந்து போயிட்டோம் சேந்து, அவன் எனக்கு முகம் பாத்தது கிடையாது. எதிர்ல நிப்பான், சரின்னுடுவான், கேள்வி முடியறதுக்குள்ள சரி. அவன் பாக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும், நீ எங்க பாத்துக்கினு இருந்தேன்னு சசி குரல்ல ஒரு கேள்வி வருது. எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்த சரி வர்ற வேகத்துலயே தெரியும், நானே அப்படி ஒண்ணு சொன்னவன். அவன் பேட்ஜுக்கு அவனே கரி பிடிச்சிக்கிறான் போல, பின்ன எவன் பிடிக்கிறான், கறுப்பாத்தான் இருந்திருக்கும், இல்லாட்டி ரங்கப்பா விட்டிருப்பாரா. அதனால இன்னிக்கு ஒண்ணு பண்ணப் போறேன். காலையிலேருந்து மனசுல இருக்குது. இதோ, குதிரை பூரா கறுத்தாச்சு, வால் நுனி மட்டும் பாக்கி. ஒரு அரிசி அளவு பித்தளை. அதை அப்படியே விட்டுடப் போறேன். பாக்குறானான்னு பாக்கணும். பாத்தா சொல்லுவான். பாக்கலன்னா, சரி, அந்தச் சரிவுல வெய்யில் அடிக்கட்டும், அரிசி அளவு மினுக்கட்டும், யாருக்கு இன்னா நஷ்டம். தற்கொலை இல்ல இது. சத்தியமா இல்ல. எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்க. இந்த உலகத்துல எவனாவது ஒருத்தன் என் மூஞ்சியைத் தலை தூக்கிப் பாக்குறானான்னு தெரிஞ்சாப் போதும், அதுக்கு வேற வழி எனக்குத் தெரியல. பைத்தியக்காரத்தனம்தான். மெழுகுவத்தியை ஊதி அணைச்சேன். மிச்சத் துண்டைப் பாக்கெட்டுல போட்டுக்கினேன், பழக்கம்.

நாலு அடிக்க அஞ்சு நிமிஷம். மழை நின்னுடுச்சி, அவன் சொன்ன மாதிரியே. தொப்பியை முன் விளிம்பு படாம, ரெண்டு பக்கமும் விரலால புடிச்சி வெச்சிக்கினேன். கேட்டுக்கிட்ட சேறு, எட்டுப் பேர், நாலு ஜோடி. அப்பலராஜு எதிர்ல வந்து நின்னான். தேங்கா எண்ணெ. நான் அவன் மேல் பொத்தானைப் பாக்குறேன். கறுப்பு நூல் இவனுக்கு. நெஞ்சு அடிச்சிக்குது, கல்யாணத்தன்னிக்குக் கூட இப்படி அடிச்சிக்கல. சொல்லுடா. பாருடா. முகம் பாத்தாச்சான்னு சுபேதார் குரல். இதோ சரி வரப் போவுது. வரல. மத்த மூணு ஜோடியும் சரி சரின்னு சொல்லி முடிச்சாச்சு, இவன் சொல்லல. வால் விட்டுப்போச்சின்னான். மெதுவா, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி. அவன் கட்டைவிரல் மேல வந்தது, என் பேட்ஜுல மத்த எடத்துக் கரியை இழுத்து, வால் நுனியில வெச்சி ஒரு அழுத்து அழுத்தினான். நெத்தியில அந்த அழுத்தம் தெரிஞ்சது. பாத்துட்டான். மூணு தரமும் பாத்துதான் சரின்னு சொல்லியிருக்கான். எழுவது நாள் கழிச்சி ஒரு ஆளோட முகத்தைக் கண்ணைத் தூக்கிப் பாத்தேன்.

மேகம் விலகிச்சி. பளிச்சுன்னு கண்ணுல அடிச்சது. அவன் தலையில குதிரை முழுசா, கால்லேருந்து பிடரி வரைக்கும், ஒரு பொட்டுக் கரி இல்லாம, பிராஸோ போட்டுத் தேச்ச பித்தளை. கை தானா மேல போயி அதை மூடிக்கிச்சி. இன்னாய்யா இதுன்னேன். அவன் கீழ பாத்தான். உன் பெட்டி மேல வெச்சேன்னான். ரெண்டு தடவை. அப்பால, ஒவ்வொரு வார்த்தையா தேடித் தேடி எடுத்துச் சொன்னான். மூணு ரோந்துக்கு ரங்கப்பா சாப் கரி வெச்சாரு. போறப்ப சொன்னாரு, ஏகாம்பரத்துக்கு மனசு சரியில்ல, நீ கேக்காதே, தொப்பியைப் பக்கத்துல வை, அவனே எடுப்பான்னு. நான் வெச்சேன். நீ தள்ளிட்டே. கேட்டுலயாவது நீ பாப்பேன்னு நெனச்சேன். அவ்வளவுதான் சொன்னான், கோவமே இல்ல அவன் குரல்ல. கோவம் இருந்திருந்தா நல்லாருந்திருக்கும். நான் இன்னொரு தரம் அதையே செஞ்சிருக்கேன். என் வால் நுனியைப் பாப்பானா பாப்பானான்னு ஒரு மதியம் பூரா உக்காந்திருந்தேன், ஒரு குதிரை முழுசா என் கை மேல உரசிட்டுப் போயிருக்குது.

அங்க என்னடான்னு சுபேதார் கத்தினாரு. ஒரு பத்து நிமிஷம் சாப், முகம் பாத்தாகலன்னேன். நான் அவ்வளவு சத்தமாப் பேசி ரொம்ப நாள் ஆச்சு, எல்லாரும் திரும்பினாங்க. அவன் தொப்பியை வாங்கி, பேட்ஜைக் கழட்டி, சேத்துல குந்தினேன். மெழுகுவத்தித் துண்டு பத்திக்கிச்சி. குறடு எடுத்தாரல, விரலாலதான் புடிச்சேன், சுட்டுது. அப்பலராஜுவும் எதிர்ல குந்தி, காத்து வராம ரெண்டு கையையும் தீ சுத்திக் குவிச்சிக்கினான். முதல்ல கால் கருத்துது, அப்பால வயிறு. அவன் முகம் இப்ப ஒரு முழம் தள்ளி. கண்ணுக்குக் கீழ கறுப்பு, கன்னம் உள்ள போயி, உதடு வெடிச்சிக் கெடந்தது. ஏதாவது பேசணும். இவன்கிட்ட ஏதாவது ஒண்ணு சொல்லியே ஆகணும். வாயைத் தொறந்தேன், எனக்குத் தெரிஞ்ச அந்த ஒரே வார்த்தைதான் வந்தது. சாப்டியா. அவன் நிமிந்து பாத்தான். இல்லன்னான். வயித்தால போகுது, மூணு நாளா ஒண்ணும் நிக்கல. மூணு நாளு. எங்க ரெண்டு கட்டிலுக்கும் நடுவுல இருக்கிறது ரெண்டடி கூட இல்ல, நடுராத்திரியில அவன் எழுந்து எழுந்து வெளிய போனதையெல்லாம் நான் கேட்டுக்கினுதான் படுத்திருந்தேன். விரல் வெந்துக்கினு இருந்தது. நான் குதிரையோட வால் நுனியைத் தீயில காட்டினேன்.